அரக்கு வைத்த பத்து உறைகள்

காஞ்சிபுரத்தில் ஒரு ரகசியம் தங்குவது கஷ்டம். ஒரு தெருவில் பெண் பார்க்க வந்தவர்கள் கை அலம்பி எழுந்திருப்பதற்குள் அடுத்த தெருவில் மாப்பிள்ளையின் மூக்கைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் உண்டாகிவிடும். வீட்டுக்கு வீடு தறி இருக்கிறது. கை வேலையாக இருந்தாலும் வாய் சும்மாத்தானே இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் ஒரே ஒரு ரகசியத்தைப் பதினாறு வருஷம் கட்டிக் காப்பாற்றியது, சின்ன காஞ்சிபுரம் மரகதவல்லி பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம். அந்தப் பெருமையை அதனிடமிருந்து பிடுங்குவதற்கு எனக்கு ஆசையில்லை. அதில் ஒரு நல்ல மனிதர் நசுங்கிப் போனார் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

சங்கத்தின் பின்கட்டில் ஓர் இரும்பு பீரோ நின்றது. அதற்கு மூன்று பூட்டு. ஒரு சாவி தலைவர் கலியாணசுந்தரத்தின் இடுப்பில் இருந்தது, இன்னொன்று செயலாளர் வரதராஜனின் மேஜையில் இருந்தது, மூன்றாவது வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருந்த ஒரு டைரக்டரிடம் இருந்தது. அவர் மாதம் ஒரு தரம் கூட்டத்துக்கு பஸ்ஸில் வருவார். சாவியை மறந்துவிட்டுத்தான் வருவார். ஆகவே பீரோ திறக்கிற நாள் சங்கத்தில் திருவிழா மாதிரி அபூர்வம். ஆனால் கதவில் தபால் பெட்டிக்கு இருப்பதைப் போல ஒரு வாய் வெட்டியிருந்தார்கள். எதையும் உள்ளே போடலாம், எடுக்கத்தான் முடியாது.

உள்ளே இருந்தவை கட்டம் போட்ட தாள்கள். புடவையில் ஒரு கரையோ முந்தியோ வர வேண்டுமென்றால் முதலில் அது தாளில் வர வேண்டும். ஒரு கட்டம் என்பது ஓர் இழை. எந்தக் கட்டத்தைச் சிவப்பு மையால் நிரப்புவது, எதை வெறுமனே விடுவது என்று தீர்மானிக்கிறவர்தான் டிசைன் போடுகிறவர். அந்தத் தாளைப் பார்த்துத் தறிக்கு வேண்டிய நூல்களைக் கட்டி முடித்ததும் தாள் பீரோவின் வாய்க்குள் போய்விடும். நானூற்றுப் பன்னிரண்டு தாள்கள் அப்படிப் போயிருந்தன. நானூற்றுப் பன்னிரண்டையும் போட்டவர் யேசுதாஸ். இதுதான் நான் சொன்ன ரகசியம்.

யேசுதாஸ் வாலாஜாபாத் பக்கத்து ஆள். அப்பா ஆயுசெல்லாம் பிறத்தியார் நிலத்தில் நாற்றுப் பிடுங்கினவர். மகன் அரிசி மில்களுக்குப் பெயர்ப் பலகை எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பலகையின் மூலையில் அவர் சும்மா போட்டு வைத்த மயிலைப் பார்த்துவிட்டு அந்த சாவி மறக்கும் டைரக்டர்தான் அவரை அழைத்து வந்து சங்கத்தில் சேர்த்தார். அப்போது வயது இருபத்து மூன்று.

சேர்ந்த அன்றைக்கே சிக்கல் வந்தது. டிசைன் தாளைத் தொடுகிறவர்கள் எல்லோரும் கர்ப்பூரம் அடித்து, 'சங்கத்து டிசைனைப் பற்றிக் கட்டின பெண்டாட்டியிடமும் வாய் திறக்க மாட்டேன்' என்று சத்தியம் செய்ய வேண்டும் என்பது விதி. கிறிஸ்தவர் கர்ப்பூரம் அடித்தால் சத்தியம் செல்லுமா என்று ஒரு டைரக்டருக்குச் சந்தேகம். பைபிளைத் தொட்டுச் செய்யட்டும் என்றார் இன்னொருவர். சங்கத்துச் சொத்துப் பட்டியலில் பைபிள் இல்லை, வெளியிலிருந்து கொண்டு வந்தால் அது வெளியார் பொருள், வெளியார் பொருளைப் பின்கட்டுக்குள் விட்டால் ரகசியம் என்ன ஆவது என்று செயலாளர் மறித்தார். இதிலேயே இரண்டு கூட்டம் போயிற்று. கடைசியில் சங்கத்தின் துணைவிதிப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். யேசுதாஸ் கண்ணை மூடிக்கொண்டு செய்தார். மற்றவர்கள் அடித்த கர்ப்பூரம் அணைவதற்குள் மறந்த சத்தியத்தை அவர் பதினாறு வருஷம் காப்பாற்றினார்.

சம்பளப் பட்டியலில் அவருடைய பதவி 'கட்டம் நிரப்புபவர்'. டிசைன் போடுகிறவர் என்று எழுதினால் டிசைன் போடுகிறவர் யார் என்பது தெரிந்துவிடும் அல்லவா. கல்யாணப் புடவைக்குத் தனி ஆர்டர் கொடுக்க வரும் பெரிய மனிதர்கள், யார் வரைகிறார்கள் என்று கேட்டால் செயலாளர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"மெட்ராஸ்ல ஒரு பெரிய ஆர்ட்டிஸ்டு இருக்கார் சார். பேரு வெளிய சொல்லக்கூடாதுன்னு ஏற்பாடு."

கைக்கெட்டும் தூரத்தில் யேசுதாஸ் குனிந்து கட்டம் நிரப்பிக்கொண்டிருப்பார். அவர் மனைவி அன்னம்மாள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். அவளும் அந்த மெட்ராஸ் ஆர்ட்டிஸ்டை நம்பியிருந்தாள். புருஷன் அவர் போட்ட கோட்டுக்குள் மை நிரப்புகிறார் என்பது அவள் அறிந்தது. அவரும் அதை மறுத்ததில்லை, மறுப்பது சத்தியத்துக்கு விரோதம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் யேசுதாஸ் வரதராஜப் பெருமாள் கோவிலுக்குப் போவார். சாமிக்குத் தூரத்தில், நூற்றுக்கால் மண்டபத்தில் தூண்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். குதிரை மேல் ஏறிய வீரர்களும் யாளிகளும் அவருக்கு அத்துப்படி. கோயமுத்தூர் மில் முதலாளி ஒருவர், தன் மகள் கட்டுகிற கரையை உலகத்தில் இன்னொருத்தி கட்டக்கூடாது என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டு ஆர்டர் கொடுத்தபோது, யேசுதாஸ் அந்தக் குதிரை வீரனைக் கரையில் ஓடவிட்டார். குதிரையின் கடிவாளம் ஒற்றைச் சரிகை இழை. அந்த இழை அறுபடாமல் கரை முழுக்க ஒரு குதிரையிலிருந்து அடுத்த குதிரைக்குப் போகும். மற்ற டிசைன்களுக்கு நடுவே ஏழு மாதம் ஆயிற்று. முடித்த அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போய் ஒன்றும் சொல்லாமல் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். அவருக்குத் தெரிந்த கொண்டாட்டம் அவ்வளவுதான்.

கல்யாணப் படம் ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. அடுத்த தீபாவளிக்குள் குதிரை வீரன் கரை பிள்ளையார்பாளையத்துத் தறிகளிலெல்லாம் ஓடியது. மில் முதலாளி காய்ந்து ஒரு கடிதம் எழுதினார். சங்கம் மூன்று பேர் விசாரணைக் குழு அமைத்தது. குழு பீரோவைத் திறந்து பார்த்து, தாள் உள்ளேயே பத்திரமாக இருக்கிறது, ஆகவே ரகசியம் வெளியாகவில்லை, வெளியானது புடவை மட்டுமே என்று அறிக்கை கொடுத்தது. இந்தச் சாதனையின் ஞாபகமாக மறு வருஷத்துச் சங்கக் காலண்டரில் அதே கரையைக் கலரில் அச்சடித்து ஊர் ஊராக அனுப்பினார்கள்.

இப்படி இருக்கும்போது, எழுபத்தொன்றாம் வருஷம், மெட்ராஸில் ஒரு சர்க்கார் டிசைன் நிலையத்துக்கு ஆள் வேண்டும் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. சொந்தமாக வரைந்த பத்து டிசைன்களோடும், அவை சொந்தம்தான் என்று வேலை செய்யும் இடத்தார் தரும் சான்றிதழோடும் நேரில் வர வேண்டும். ஜூலை முதல் தேதியில் நாற்பது வயது ஆகியிருக்கக்கூடாது. யேசுதாஸுக்கு ஆகஸ்டில் நாற்பது. இந்த வருஷம் விட்டால் எந்த வருஷமும் இல்லை.

விளம்பரத்தின் கடைசி வரியைத்தான் அவர் திரும்பத் திரும்பப் படித்தார். 'நிலையம் வெளியிடும் ஒவ்வொரு டிசைனின் அடியிலும் வரைந்தவர் பெயர் குறிக்கப்படும்.' அவருக்கு மெட்ராஸ் வேண்டியிருக்கவில்லை. சர்க்கார் நாற்காலியும் வேண்டியிருக்கவில்லை. ஒரு தாளின் அடியில் தன் பெயரைத் தன் கையால் எழுதிப் பார்க்க வேண்டும், செத்துப் போவதற்குள் ஒரே ஒரு தாளில். இதைக் கூட ஆசை என்று ஒத்துக்கொள்ள அந்த மனிதருக்கு மூன்று நாள் பிடித்தது.

மனு எழுதிக்கொண்டு செயலாளரிடம் போனார்.

"உக்காருபா யேசுதாஸு. இன்னாது இது?"

"மெட்ராஸ் வேலைக்கு சார். நான் போட்டதுல பத்து தாளை ஒரு நாளைக்கு எடுத்துக்கினு போய்க் காட்டிட்டு வந்துடறேன். எந்தப் பத்துன்னு கீழ எழுதியிருக்கேன் சார். குதிரை வீரன் கரை, யாளி முந்தி..."

வரதராஜன் காகிதத்தைச் சட்டென்று கவிழ்த்து வைத்தார்.

"பேரோட எழுதிட்டியா?"

"ஆமா சார்."

"இன்னாபா நீ. இந்த டிசைனை இந்த ஆள்தான் போட்டான்னு உன் கையாலயே எழுதி, கையெழுத்தும் போட்டுட்ட. இது இப்ப ரகசியக் காகிதமாயிடுச்சுபா. இதை நான் படிச்சதே தப்பு."

அவர் எழுந்து போய் மனுவைப் பீரோவின் வாய்க்குள் போட்டார். உள்ளே அது விழுந்த சத்தம் யேசுதாஸுக்குக் கேட்டது.

பெயர் எழுதாமல் நம்பர் போட்டு மனு கொடுக்கலாம் என்று யோசனை சொன்னார்கள். நம்பர்கள் சிட்டிபாபுவின் பதிவேட்டில் இருந்தன. சிட்டிபாபு பீரோவுக்குக் காவல் எழுத்தர். யேசுதாஸைவிட இரண்டு வயது சின்னவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எறும்பைக்கூட மிதிக்காத சுபாவம். நோட்டில் ஸ்கேல் இல்லாமல் ஒரு நேர்கோடு போடச் சொன்னால் கை நடுங்கும்.

"நம்பர் சொல்லணும்னா செயலாளர் எழுத்து குடுக்கணும்ணே" என்றார் சிட்டிபாபு வருத்தத்தோடு. "எந்த நம்பர் வேணும்னு நீங்க எழுதினாத்தான் அவர் எழுத்து குடுப்பார்."

"எந்த நம்பர்னு தெரியாமதானே உங்கிட்ட வந்திருக்கேன்."

"அதான்ணே எனக்கும் புரியல. நான் சேந்ததுலேர்ந்து புரியல."

கடைசியில் பெயருமில்லாமல் நம்பருமில்லாமல் 'பத்து தாள்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். அது நிர்வாகக் குழுவுக்குப் போயிற்று. குழு அவரை உள்ளே கூப்பிட்டு நிற்க வைத்தது. தலைவர் கலியாணசுந்தரம் மேடையில் பேசிப் பழகியவர், ஆறு பேர் இருந்தாலும் அறுநூறு பேருக்குப் பேசுவார்.

"யேசுதாஸை நான் என் உடன்பிறப்பாக நினைக்கிறேன். அதனாலதான் அவர் பேரை இத்தனை வருஷம் காத்துப்படாம வச்சிருக்கோம். அந்தப் பேரு வெளிய போச்சுன்னா இன்னா ஆவும்? நாளைக்கே வேற சங்கத்துக்காரன் வந்து ஆளைக் கூட்டிக்கினு போயிடுவான். ஒரு மனுஷன் பேரு அவன் கையில இருந்தா அவனுக்கு மட்டும்தான் பிரயோஜனம். அதே பேரு நம்ம பீரோவுல இருந்தா நானூறு குடும்பத்துக்குப் பிரயோஜனம். இதுல எது தர்மம்னு யேசுதாஸே சொல்லட்டும்."

யேசுதாஸ் அந்த நானூறு குடும்பத்தில் தன் குடும்பமும் ஒன்று என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அதைக் குழு ஆமோதிப்பாகப் பதிவு செய்துகொண்டது.

ஆனாலும் கலியாணசுந்தரம் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஒரு வழி கண்டுபிடித்தார். பத்து தாள்களை எடுத்துக்கொண்டு போகலாம். ஒவ்வொன்றும் காக்கி உறையில் போட்டு, நூல் கட்டி, அரக்கு முத்திரை வைக்கப்படும். உறையைப் பிரிக்கக்கூடாது. பிரிக்காமல் யாரிடம் வேண்டுமானாலும் தாராளமாகக் காட்டலாம். காவலுக்கு சிட்டிபாபு பதிவேட்டோடு கூடப் போக வேண்டும். சான்றிதழையும் குழு அங்கேயே எழுதிக் கொடுத்தது. 'இவ்வுறைகளில் உள்ள தாள்கள் ஒரு நபரால் வரையப்பட்டவை. இதைக் கொண்டு வருபவர் ஒரு நபர் என்பதைச் சங்கம் மறுக்கவில்லை.' கீழே தலைவர், செயலாளர் இருவர் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன.

சாவிக்காக சிட்டிபாபு வாலாஜாபாத்துக்கு பஸ் ஏறிப் போய் வந்தார். பீரோ திறந்தது. வரைந்தவரே பார்த்தாலும் பார்வை பார்வைதான் என்பதால் தாள்களைக் கவிழ்த்து எடுக்க உத்தரவு. யேசுதாஸ் முதுகுப் பக்கத்தைப் பார்த்துத் தன் பத்து தாள்களைப் பொறுக்கினார். சிவப்பு மை பின்னால் லேசாக ஊறியிருந்தது. அந்த ஊறலை வைத்தே இது குதிரை, இது யாளி என்று கண்டுபிடித்தார். பல வருஷம் கழித்துப் பார்க்கிறார், அதுவும் முதுகை. ஒரு தாளின் விளிம்பைக் கட்டை விரலால் தடவிவிட்டு உறையில் போட்டார். செயலாளர் அதைப் பார்த்தார், ஆனால் தடவுவதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லாததால் விட்டுவிட்டார்.

நேர்காணல் எழும்பூரில். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைமை அதிகாரி, ஒரு பக்கம் ஓவியப் பேராசிரியர், இன்னொரு பக்கம் பேசாமல் குறிப்பெடுக்கும் ஒருவர். யேசுதாஸ் பத்து உறைகளையும் மேஜை மேல் வரிசையாக வைத்துவிட்டுக் கை கட்டி நின்றார். அவருக்குப் பின்னால் சிட்டிபாபு பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"பிரிச்சுக் காட்டுங்க" என்றார் அதிகாரி.

"பிரிக்கக்கூடாதுங்க சார். சங்கத்து உத்தரவு."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த இடத்தில் அவர்கள் கோபித்திருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும். அதிகாரி ஓர் உறையைக் கையில் எடுத்தார். கட்டைத் திருப்பிப் பார்த்தார். அரக்கை நகத்தால் தொட்டார். அவர் முகத்தில் மரியாதை வந்துவிட்டது. சர்க்கார் உத்தியோகத்தில் இருபத்தைந்து வருஷம் இருந்தவருக்கு நல்ல முத்திரையைப் பார்த்தால் மனசு இளகாமல் இருக்குமா.

"பேராசிரியரே, இதைப் பாருங்க. நம்ம நிலையத்துல மூணு வருஷத்துல எத்தனை டிசைன் தொலைஞ்சு போச்சு. இங்க ஒரு கிராமத்துச் சங்கம்... யார் இந்தக் கட்டு போட்டது?"

"நான்தான் சார்" என்றார் சிட்டிபாபு பயந்துகொண்டே.

"இந்த உறையில என்ன இருக்கு?"

சிட்டிபாபு பதிவேட்டைப் புரட்டினார். பதிவு எண், தேதி, அகலம், எத்தனை இழை, எந்தத் தேதியில் உள்ளே போயிற்று, எத்தனை தரம் வெளியே வந்தது என்று மணி மணியாக ஒப்பித்தார். எல்லாம் அவருடைய கையெழுத்தில் இருந்தது. பேசாமல் குறிப்பெடுப்பவர் அதை வாங்கிப் பார்த்து, வேகமாகக் குறிப்பெடுத்தார்.

பிறகு யேசுதாஸ் பக்கம் திரும்பினார்கள்.

"இதெல்லாம் நீங்க வரைஞ்சதுதானா?"

பதினாறு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். யேசுதாஸுக்குத் துணைவிதிப் புத்தகத்தின் மேல் வைத்த கை ஞாபகம் வந்தது.

"அதை நான் சொல்லக்கூடாதுங்க சார்."

பேராசிரியர் இரக்கமுள்ளவர். ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, அரை மணி நேரத்தில் இங்கேயே ஒரு கரை வரையுங்கள், அது போதும் என்றார். யேசுதாஸுக்கு உயிர் வந்தது. ஓரத்து மேஜையில் உட்கார்ந்து குனிந்தார். இது சங்கத்துத் தாளில்லை, சங்கத்து மையுமில்லை. இதில் பெயர் எழுதலாம். புதிதாக ஏதாவது வரைய வேண்டுமென்றுதான் ஆரம்பித்தார். ஆனால் அரை மணி நேரமும் அந்தப் படபடப்பும் சேர்ந்து கையை அது அறிந்த வழியிலேயே இழுத்துக்கொண்டு போயிற்று. குதிரையின் கழுத்து வந்தது. கடிவாளம் ஒற்றைக் கோடாக ஓடி அடுத்த குதிரையைத் தொட்டது. நேரம் முடிந்தபோது அடியில் 'யேசுதாஸ்' என்று எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது. அவருக்கு அது மிகவும் அழகாக இருந்தது.

பேராசிரியர் தாளைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி யேசுதாஸ் உட்கார்ந்திருந்த மேஜைக்கு எதிர்ச் சுவரைப் பார்த்தார். அங்கே மரகதவல்லி சங்கத்தின் பழைய காலண்டர் தொங்கியது. படம் நன்றாக இருந்ததால் வருஷம் போயும் யாரும் கழற்றவில்லை.

"அச்சு அசலாப் போட்டிருக்கீங்க" என்றார் அவர், மனசு நோகாமல் சொல்ல வேண்டுமே என்ற குரலில். "கை சுத்தமா இருக்கு. ஆனா பாத்து வரையறது வேற, சொந்தமா வரையறது வேற இல்லையா. இந்த மாதிரி ஒண்ணை முதல்ல நினைச்சவன் இருக்கானே, அவன்தான் எங்களுக்கு வேணும். கீழே உங்க பேரையும் போட்டுட்டீங்க. அது அவ்வளவு நல்லா இல்ல."

அவர் அழிரப்பரை எடுத்து, பெயரை மட்டும் பதமாக அழித்துவிட்டு, தாளை யேசுதாஸிடமே திருப்பிக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் சிட்டிபாபு உறைகளை மடியில் வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார்.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. டிசைன் நிலையத்துக்கு சிட்டிபாபுவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு டிசைன்களும் அவருடைய கைப்படப் பதிவாகி அவருடைய பொறுப்பிலேயே இருந்திருக்கின்றன, கேள்விகளுக்கெல்லாம் தடங்கலில்லாமல் விடை சொன்னவரும் அவரே, மனு போடாததைத் தன்னடக்கமாக எடுத்துக்கொள்கிறோம் என்று அதில் கண்டிருந்தது.

சங்கத்துக்கு ஒரே கொண்டாட்டம். பாராட்டு விழா வைத்தார்கள். கலியாணசுந்தரம் மாலை போட்டுப் பேசினார்.

"கோடு போடறவன் ஆயிரம் பேரு கிடைப்பான். போட்ட கோட்டைக் காப்பாத்தறவன் லட்சத்துல ஒருத்தன். கோடு போட்டவன் யாருன்னு இங்க யாராவது கேட்டீங்களா? கேக்கல. அதுதான் இந்தச் சங்கத்தோட கட்டுப்பாடு."

எல்லோரும் கை தட்டினார்கள். விழாவில் கொடுத்த வாழ்த்து மடலை எழுதி, சுற்றிலும் கொடி வரைந்து கொடுத்தது யேசுதாஸ். நல்ல எழுத்து வேறு யாருக்கு இருக்கிறது. அடியில் இடம் காலியாக இருந்ததால் செயலாளர் அங்கே சங்க முத்திரையைக் குத்தினார்.

மெட்ராஸுக்குப் போகிற அன்று காலையில் சிட்டிபாபு வாடின முகத்தோடு யேசுதாஸ் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, நான் மனுவே போடலண்ணே. வேணாம்னு எழுதிப் போட்டேன். அதையும் தன்னடக்கம்னுட்டாங்க. அங்க போய் நான் இன்னா பண்ணுவேன்? பென்சில் சீவக்கூட எனக்குச் சரியா வராது."

"அங்கயும் பீரோ இருக்கும்டா. போய்ட்டு வா."

"எல்லாம் நீங்க போட்டதுன்னு எனக்குத் தெரியும்ணே. யார்கிட்ட போய்ச் சொல்லட்டும். நானும் கர்ப்பூரம் அடிச்சிட்டேனே."

சங்கத்தில் சத்தியத்தைக் காப்பாற்றிய இரண்டாவது ஆள் அவர் என்பது யேசுதாஸுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் தோளைத் தட்டி பஸ்ஸுக்கு அனுப்பினார். பிறகு உள்ளே போய் நானூற்றுப் பதின்மூன்றாவது தாளை எடுத்து விரித்தார். அன்றைக்கு அவருக்குக் கட்டங்கள் கலங்கித் தெரிந்தன. ஆகஸ்டில் நாற்பது வயது ஆயிற்று.

ஆவணியில் கலியாணசுந்தரத்தின் மகளுக்குக் கல்யாணம். சங்கத்து ஆட்கள் எல்லோருக்கும் குடும்பத்தோடு அழைப்பு. சத்திரத்தில் கடைசி வரிசையில் யேசுதாஸும் அன்னம்மாளும் உட்கார்ந்தார்கள். முகூர்த்த நேரம். நாதஸ்வரச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. சம்பந்தி வீட்டுப் பெண்களும் தலைவர் வீட்டுப் பெண்களும் பட்டு சரசரக்க முன்னும் பின்னும் நடந்தார்கள். உறை போட்டு அரக்கு வைத்த பத்தில் ஏழு அந்தக் கூடத்தில் நடமாடிக்கொண்டிருந்தது. யேசுதாஸ் எண்ணிப் பார்த்தார். தலைவரின் மனைவி ரேணுகாம்பாள் மாம்பழ நிறத்தில் குதிரை வீரன் கரை கட்டிக்கொண்டு, சந்தனக் கிண்ணத்தோடு அவர்களைக் கடந்து போனாள்.

அன்னம்மாள் கண்ணெடுக்காமல் பார்த்தாள். தைக்கிற கையுள்ளவள், அவளுக்குத் தெரியாதா.

"அந்தக் கடிவாளத்தப் பாருங்க. எங்கயும் அறுபடாம போவுது. எந்த மகராசன் கையோ, நல்லா இருக்கணும்."

துணைவிதிப் புத்தகம், மூன்று பூட்டு, நானூறு குடும்பம் எல்லாம் அந்த நாதஸ்வரத்தில் எங்கேயோ போய்விட்டன. வாழ்க்கையில் முதல் தடவையாக யேசுதாஸ் வாய் திறந்தார்.

"அது நான் போட்டது, அன்னம்."

அவள் திரும்பினாள்.

"அதோ அந்தப் பச்சை, யாளி முந்தி, அதுவும் நான் போட்டதுதான். பொண்ணு கட்டியிருக்குதே, அது போன தை மாசம் போட்டது. மெட்ராஸ்ல ஆர்ட்டிஸ்டு யாரும் கிடையாது. எல்லாம் நான்தான் அன்னம்."

அன்னம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். மெட்ராஸில் காலண்டரைப் பார்த்து வரைந்து மாட்டிக்கொண்டார் என்று செயலாளர் வீட்டம்மா அவளிடம் எப்போதோ சொல்லியிருந்தாள். அவமானப்பட்டு வந்த மனுஷனை அதைக் கேட்டு இன்னும் நோகடிக்க வேண்டாம் என்று இத்தனை நாளும் அவள் அதை வாயில் எடுக்கவில்லை. இப்போது அவள் கண் கலங்கிவிட்டது. அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரிங்க" என்றாள், காய்ச்சலில் கிடப்பவரிடம் பேசும் குரலில். "எல்லாம் உங்களுதுதான். நான் இல்லன்னு சொன்னேனா? பந்திக்குக் கூப்பிடறாங்க, வாங்க."

இன்னொரு புடவையைக் காட்டுவதற்காகத் தூக்கியிருந்த விரலை மடக்கிக்கொண்டு யேசுதாஸ் எழுந்து அவள் பின்னால் போனார்.